லேத்தில் உருண்டை பிறக்கும் விதம்

பழைய லேத் ஒன்றின் கைப்பிடிகளைப் பாருங்கள். கிராஸ் ஸ்லைடைத் திருகும் கை, காம்பவுண்டைத் திருகும் கை, டூல் போஸ்ட்டை இறுக்கும் தடி என எதைத் தொட்டாலும் நுனியில் விரல்களுக்குள் அடங்கும் ஓர் உருண்டை இருக்கும். அந்த உருண்டையை, கூடுதல் கருவி எதுவும் இல்லாமல் அதே லேத்தில் சரியாகக் கடைந்துவிட முடியாது. லேத்தின் டூலுக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். ஒன்று, கடையும் துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் அச்சின் போக்கில் நீளவாக்கில் ஓடுவது, மற்றது அச்சுக்குக் குறுக்கே ஓடுவது. இரண்டுமே நேர்கோடுகள். நேர்கோட்டில் ஓடும் டூல் உருளையைத் தரும், தட்டையான முகத்தைத் தரும், காம்பவுண்டைச் சாய்த்து வைத்தால் கூம்பையும் தரும். வளைவு மட்டும் அதன் கணக்கில் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கப் பட்டறைக்காரர்கள் தாங்களே செய்துகொள்ளும் துணைக்கருவிதான் ரேடியஸ் டர்னிங் அட்டாச்மென்ட். விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் கையிலிருக்கும் லேத்தின் உயரத்துக்கும் செய்யவேண்டிய வேலைக்கும் பொருந்துவது பெரும்பாலும் சொந்தப் பட்டறையில் செய்ததுதான். இரும்புத் தகடு, இரண்டு பேரிங், ஒரு முளை, ஒரு கைத்தடி. இவ்வளவைக் கொண்டு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுத்தமான உருண்டை கிடைக்கிறது என்றால், அதற்கான காரணத்தை வடிவியலில்தான் தேட வேண்டும்.

கருவி இல்லாதபோது

அட்டாச்மென்ட் இல்லாத பட்டறையில் உருண்டை செய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இரண்டு கைகளாலும் இரண்டு சக்கரங்களை ஒரே நேரத்தில் திருகி, டூலை வளைவாக நடத்துவது. பல ஆண்டு பழகிய டர்னர் கண்ணுக்கு அழகான உருண்டையை இப்படிச் செய்துவிடுவார், ஆனால் அளவுக்கு உத்தரவாதம் தர முடியாது. இரண்டாவது, தேவையான வளைவை டூலிலேயே தீட்டி, கடையும் துண்டான ஜாப்பில் அப்படியே அழுத்துவது. இந்த ஃபார்ம் டூல் சிறிய வளைவுகளுக்குச் சரி. வளைவு பெரிதானால் வெட்டும் விளிம்பும் நீண்டுவிடும். அந்த விசையைத் தாங்காமல் ஜாப் அதிரும், பரப்பில் அலை அலையாகத் தடம் விழும்.

மூன்றாவது, கணக்குப் போட்டுப் படிப்படியாக வெட்டி, பிறகு அரத்தால் ராவுவது. 15 மி.மீ. ஆரமுள்ள உருண்டையை எடுத்துக்கொள்வோம். நுனியிலிருந்து 1 மி.மீ. உள்ளே வந்தால் அந்த இடத்தின் ஆரம் 5.39 மி.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ. வந்தால் 7.48, 5 மி.மீ. வந்தால் 11.18, 10 மி.மீ. வந்தால் 14.14. முதல் ஒரு மில்லிமீட்டரிலேயே ஆரம் பூஜ்யத்திலிருந்து 5.39க்குத் தாவிவிடுகிறது. ஆக, நுனிப் பகுதியில் படிகளை எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் போதாது. மீதியை அரமும் உப்புத்தாளும் முடிவு செய்யும். அவை முடிவு செய்த வடிவம் உருண்டையைப் போன்றிருக்கும். உருண்டையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு நிபந்தனை

அட்டாச்மென்ட் வேறு பாதையில் போகிறது. கிராஸ் ஸ்லைடின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு முளையைச் சுற்றி டூல் திரும்புகிறது. முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்தைத் தாண்டிப் போக முடியாததைப் போல, டூலின் முனை முளையிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில்தான் இருக்கும். அந்த முளையின் அச்சும் ஸ்பிண்டிலின் அச்சும் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் வேலை முடிந்தது. பிறப்பது கோளமாகத்தான் இருக்க முடியும்.

காரணம் எளிது. இரண்டு அச்சுகளும் சந்திக்கும் புள்ளியை ‘ம’ என்று வைத்துக்கொள்வோம். டூல் முளையைச் சுற்றித் திரும்பும்போது, ‘ம’ அந்த முளையின் அச்சிலேயே இருப்பதால், டூல் முனைக்கும் ‘ம’வுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது. ஜாப் ஸ்பிண்டிலோடு சுழலும்போது, ‘ம’ ஸ்பிண்டில் அச்சிலும் இருப்பதால், ஜாப்பின் மேலுள்ள எந்தப் புள்ளிக்கும் ‘ம’வுக்கும் உள்ள தூரமும் மாறாது. ஆகவே டூல் தொட்டுச் சென்ற இடங்கள் எல்லாமே ‘ம’விலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்திலுள்ள புள்ளிகளின் தொகுப்புக்குக் கோளம் என்று பெயர்.

இந்த நிரூபணத்தில் வராத விஷயங்களையும் கவனியுங்கள். முளை செங்குத்தாக நிற்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. டூலின் முனை சரியாக சென்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டூலின் மூக்கு எவ்வளவு உருண்டையாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. டூல் முளையோடு சேர்ந்து திரும்புவதால், அதன் மூக்கின் ஒரே இடம்தான் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு அச்சுகளும் சந்திக்க வேண்டும். இந்த அட்டாச்மென்ட்டைச் செய்பவர் மனதில் நிறுத்த வேண்டிய மையக் கருத்து இதுவே. துல்லியத்தை எங்கே செலவிட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதை அது சொல்லிவிடுகிறது.

ஒரே பிழை, இரண்டு விளைவுகள்

எண்களில் பார்த்தால் வேறுபாடு வியப்பைத் தரும். முளையிலிருந்து டூல் முனைவரை 15 மி.மீ. என்று வைத்திருக்கிறோம். டூல் உயரத்தில் அரை மில்லிமீட்டர் பிழை வந்துவிட்டது. அப்போது கிடைக்கும் உருண்டையின் ஆரம், 15இன் வர்க்கத்தையும் 0.5இன் வர்க்கத்தையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம். அதாவது 15.008 மி.மீ. வெறும் எட்டு மைக்ரான் கூடுதல், வடிவமும் பிழையற்ற கோளம். நுனியில் மட்டும் டூல் எட்டாத, 1 மி.மீ. விட்டமுள்ள சிறு மொட்டு நிற்கும். உயரப் பிழையைக் காட்டிக்கொடுப்பது அந்த மொட்டுதான்.

இப்போது அதே அரை மில்லிமீட்டர் பிழையைக் குறுக்குத் திசையில் வைத்துப் பார்ப்போம். முளையின் அச்சு ஸ்பிண்டில் அச்சுக்கு நேர் கீழே நிற்காமல், டர்னர் நிற்கும் பக்கமாக 0.5 மி.மீ. விலகியிருக்கிறது. உருண்டையின் அகன்ற நடுப்பகுதியான இடுப்பின் விட்டம் 31 மி.மீ. ஆகிவிடும். நுனியிலிருந்து அடிவரையிலான நீளமோ 30 மி.மீ.தான். முளை எதிர்ப்பக்கம் விலகினால் இடுப்பு 29 மி.மீ.க்குச் சுருங்கி, இரு முனைகளும் எலுமிச்சம்பழத்தினுடையவை போலக் கூம்பும். ஒரே அளவு பிழை உயரத்தில் நேர்ந்தால் ஆரத்தில் எட்டு மைக்ரான், குறுக்கே நேர்ந்தால் ஐநூறு மைக்ரான்.

முளையில் உள்ள ஆட்டமும் இந்த இரண்டாவது வகைதான். பேரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருந்தாலும், அது குறையாமல் அப்படியே ஆரத்தில் வந்து சேரும். ஆகவே அட்டாச்மென்ட்டில் இரண்டு விஷயங்களுக்கு நேரமும் காசும் செலவிடலாம். முளை ஆட்டமின்றித் திரும்ப வேண்டும், அதைக் குறுக்குத் திசையில் நுட்பமாக நகர்த்தி நிறுத்த வேண்டும். மற்றவை சுமாராக இருந்தாலும் உருண்டை கெடாது.

செய்யும் முறை

காம்பவுண்ட் ஸ்லைடைக் கழற்றினால் கிராஸ் ஸ்லைடில் தட்டையான மேடை கிடைக்கும். அதன் மேல் போல்ட் போட்டு இறுக்குவதற்கு 20 மி.மீ. தடிமனுள்ள மைல்ட் ஸ்டீல் பிளேட் ஒன்று அடித்தட்டாக இருக்கட்டும். அதற்கு மேல் திரும்பும் சுழல்தட்டு. இரண்டையும் இணைப்பது முளை. கன்மெட்டல் புஷ்ஷில் முளையைத் திருப்பலாம். அதைவிட நல்லது, எதிரெதிராக வைத்த இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். 20 மி.மீ. உள்விட்டமும் 47 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட 30204 எளிதில் கிடைக்கும் அளவு. நட்டை இறுக்க இறுக்க ஆட்டம் முழுவதும் போய்விடும் என்பதே டேப்பர் பேரிங்கின் சிறப்பு. கையால் திருப்பும்போது லேசான கனம் தெரிய வேண்டும். அதுவே சரியான இறுக்கம். இரண்டு பேரிங்குகளுக்கும் உரிய துளையை ஒரே பிடிப்பில் போரிங் செய்துவிட்டால் இரண்டும் ஒரே அச்சில் அமையும்.

உயரத்தைக் காகிதத்தில் முதலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். கிராஸ் ஸ்லைடின் மேல்முகத்திலிருந்து ஸ்பிண்டில் மையம்வரை 75 மி.மீ. இருக்கிறது என்று கொள்வோம். 30 மி.மீ. உருண்டை மையத்திலிருந்து 15 மி.மீ. கீழே இறங்கும். சீவல் விழுந்து நகர 5 மி.மீ. இடைவெளி விட்டால், சுழல்தட்டின் மேல்முகம் 55 மி.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. அந்த 55க்குள் அடித்தட்டு, பேரிங், சுழல்தட்டு எல்லாம் அடங்க வேண்டும். உருண்டை பெரிதாக ஆக இந்த இடம் சுருங்கும். ஒரு லேத்தில் எவ்வளவு பெரிய உருண்டை செய்யலாம் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

சுழல்தட்டின் மேல் டூலைப் பிடிக்கும் பிளாக் முளையை நோக்கி நகர வேண்டும். கழற்றிய காம்பவுண்ட் சிறியதாக இருந்தால் அதையே இங்கு மாட்டலாம். இல்லையென்றால் டவ்டெயிலும் கிப்பும் வைத்த சிறு ஸ்லைடு ஒன்று செய்துகொள்ளலாம். டூல் பிளாக்கை விட்டு வெளியே எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதில் கஞ்சத்தனம் வேண்டும். ஒருபுறம் மட்டும் பிடித்த தண்டின் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. நீட்டல் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்கு. அதே சமயம் தண்டின் உயரத்தை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். வெட்டும்போது பெரும் விசை டூல் முனையைக் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது என்பதால், டூலை ஏந்தும் பாகத்துக்கு அகலத்தைவிட உயரம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

சுழல்தட்டின் விட்டம் சிறியதாக இருக்கட்டும். 12 மி.மீ. தண்டின் நுனியில் 30 மி.மீ. உருண்டை வேண்டுமென்றால், டூல் நுனியில் தொடங்கித் தண்டு சேரும் இடம்வரை சுமார் 156 டிகிரி திரும்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் டூல், ஜாப்பைப் பிடிக்கும் சக்கின் பக்கத்திலிருந்து உருண்டையை நோக்கி நிற்கும். தட்டும் பிளாக்கும் பெரிதாக இருந்தால் சக்கில் மோதும். மோதாமலிருக்க ஜாப்பை வெளியே நீட்டினால் ஜாப் அதிரும். பிளாக்கை முளைக்கு நெருக்கமாக வைத்து, டூல் பிட்டின் முனையைப் பக்கவாட்டில் வளைத்துத் தீட்டிக்கொண்டால் இரண்டு தொல்லைகளும் குறையும்.

திருப்புவதற்குச் சிறு வேலைகளில் ஒரு நீண்ட கைத்தடி போதும். சீரான பரப்பு வேண்டுமானால் தட்டின் விளிம்பில் வார்ம் வீல் வைத்து, வார்மைக் கையால் திருகலாம். கை நடுங்கினாலும் டூல் நடுங்காது.

மையத்தைப் பிடித்தல்

சுழல்தட்டின் நடுவில், முளையின் அச்சிலேயே, 10 மி.மீ. ரீமர் போட்ட துளை ஒன்று அவசியம் வைக்க வேண்டும். மையம் பிடிப்பது முழுவதும் அதை நம்பித்தான். அந்தத் துளையில் கிரைண்ட் செய்த 10 மி.மீ. பின் ஒன்றை நிறுத்துங்கள். இரண்டு சென்டர்களுக்கு இடையே 20 மி.மீ. விட்டமுள்ள நேரான தண்டு ஒன்றைப் பிடியுங்கள். பின்னின் பக்கம் தண்டின் பக்கத்தைத் தொடும்வரை கிராஸ் ஸ்லைடை உள்ளே செலுத்துங்கள். தொட்ட நிலையில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 5 கூட்டல் 10, ஆக 15 மி.மீ. தூரம். பின்னையும் தண்டையும் எடுத்துவிட்டு, அதே திசையில் 15 மி.மீ. உள்ளே நகர்த்தினால் முளை ஸ்பிண்டில் அச்சின் கீழ் வந்து நிற்கும். இடையில் பின்னோக்கித் திருப்பினால் ஸ்குரூவின் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். கிராஸ் ஸ்லைடின் டயல் ஆரத்தைக் காட்டுகிறதா, விட்டத்தைக் காட்டுகிறதா என்பதையும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு கிப் ஸ்குரூவை இறுக்கிக் கிராஸ் ஸ்லைடைப் பூட்டிவிடுங்கள். உருண்டை முடியும்வரை அதன் கைப்பிடியைத் தொடக் கூடாது.

கிராஸ் ஸ்லைடைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் சாடிலை நகர்த்தி, ஜாப்பின் நுனியிலிருந்து 15 மி.மீ. உள்ளே முளை நிற்கும்படி வைத்து அதையும் பூட்டுங்கள். இனி நகர வேண்டியது சுழல்தட்டின் மேலுள்ள டூல் மட்டுமே. ஸ்பிண்டிலை ஓடவிடுவதற்கு முன், சக்கைக் கையால் சுற்றியும் தட்டை முழு வீச்சுக்குத் திருப்பியும், எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடி அணியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு லேத் பக்கம் போகாதீர்கள்.

வெட்டும்போது நடப்பவை

30 மி.மீ. உருளையின் மூலை மையத்திலிருந்து 21.2 மி.மீ. தள்ளி இருக்கிறது. டூலை அந்தத் தூரத்தில் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் உள்ளே தள்ளி, 15இல் முடிக்க வேண்டும். முதலில் மூலை மழுங்கும், பிறகு மேலும் மேலும் வளைவு பரவி, கடைசி வீச்சில் இடுப்பு, நுனி இரண்டையுமே டூல் தொடும். உருளைக்குள் அடங்கும் கோளத்தின் கனஅளவு உருளையின் கனஅளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியிருக்கிறார். அவர் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு இரும்பு டிரேயில் சீவலாகக் கிடக்கும்.

வேகத்தில் ஒரு சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 300 சுற்றில் 30 மி.மீ. இடுப்பில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 28 மீட்டர். மைல்ட் ஸ்டீலை எச்.எஸ்.எஸ். டூலால் வெட்ட ஏற்ற வேகம் இது. நுனியை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, சரியாக நுனியில் பூஜ்யம். அங்கே டூல் வெட்டுவதற்குப் பதிலாகக் கிழிக்கும். கூர்மையான டூலும், மெல்லிய கடைசி வீச்சும், கொஞ்சம் எண்ணெயும் இருந்தால் நுனியும் பளபளப்பாக வரும். மொட்டு நிற்காமலிருக்க டூல் உயரத்தைச் சரிபார்ப்பதும் இந்த இடத்துக்காகத்தான்.

டூலின் முனையை முளைக்கு மறுபக்கம் கொண்டுபோனால் இதே கருவி உட்குழிவான வளைவையும் வெட்டும். பால் ஜாயின்டின் உருண்டையையும் அது உட்காரும் குழியையும் ஒரே அட்டாச்மென்ட்டில் முடிக்கலாம்.

உருண்டையே சொல்லும் பிழை

முடித்த உருண்டையை மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்து பாருங்கள். முதலில் இடுப்பில், அடுத்து அச்சுக்கு 45 டிகிரி சாய்வில். இரண்டும் ஒன்றாக இருந்தால் அச்சுகள் சந்திக்கின்றன. இடுப்பு 30.20, சாய்வு 30.14 என்று வந்தால் வித்தியாசம் 0.06. அதை 1.7ஆல் பெருக்குங்கள். முளை ஏறத்தாழ 0.10 மி.மீ. விலகியிருக்கிறது. இடுப்பு பெரிதாக இருப்பதால், விலகல் டர்னர் நிற்கும் பக்கம். கிராஸ் ஸ்லைடை அந்த அளவு உள்ளே தள்ளினால் அடுத்த உருண்டை சரியாக வரும். இடுப்பு சிறிதாக இருந்தால் எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். பெருக்கும் எண் எல்லா அளவு உருண்டைகளுக்கும் ஒன்றே. 2இலிருந்து 2இன் வர்க்கமூலத்தைக் கழித்து, கிடைத்ததால் 1ஐ வகுத்தால் 1.7 வரும்.

இன்னொரு சோதனைக்கு அளக்கும் கருவியே வேண்டாம். முகத்தைச் சுத்தமாக ஃபேசிங் செய்த குழாய்த் துண்டு ஒன்றை உருண்டையின் மேல் வைத்து, எல்லாப் பக்கமும் சாய்த்துப் பாருங்கள். கோளத்தை எந்தப் பக்கம் வெட்டினாலும் வட்டமே கிடைக்கும் என்பதால், உண்மையான உருண்டையில் குழாயின் விளிம்பு எங்கும் இடைவெளி இல்லாமல் உட்காரும். ஒளிக்கோடு தெரிந்தால் அந்த இடத்தில் குறை இருக்கிறது.

பெரிய உலகில் இதே விதி

இந்த விதி பட்டறையோடு நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் நிறுவனம் செய்த அலங்காரக் கடைசல் லேத்துகளில், தந்தத்திலும் கருங்காலியிலும் உருண்டை வடிவங்களைக் கடைவதற்கென்றே திரும்பும் டூல் தாங்கிகள் இருந்தன. கண்ணாடி லென்ஸைச் செதுக்கும் இயந்திரத்தில் கிண்ண வடிவ வைரச் சக்கரத்தின் அச்சும் லென்ஸின் அச்சும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. சாய்வுக் கோணத்தை மாற்றினால் லென்ஸின் வளைவு மாறுகிறது. 2004இல் விண்ணுக்குப் போன கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோளின் ஜைரோஸ்கோப்புகளில் இருந்த 38 மி.மீ. குவார்ட்ஸ் உருண்டைகள், மனிதர் செய்த மிகச் சீரான உருண்டைகளுள் எண்ணப்படுபவை. அவற்றையும் பல பக்கங்களிலிருந்து அணைத்துச் சுழலும் கிண்ணங்கள்தான் மெருகேற்றின.

சி.என்.சி. லேத் வந்த பிறகு இதற்கெல்லாம் என்ன தேவை என்று கேட்கலாம். நூற்றுக்கணக்கில் உருண்டை வேண்டுமானால் சி.என்.சி.யே சரியான வழி. ஆனால் அது வளைவைப் பெறுவது இரண்டு நேர்கோட்டு ஓட்டங்களை நொடிக்கு நொடி கணக்கிட்டு இணைத்துத்தான். வெட்டும்போது டூல் மூக்கின் வெவ்வேறு இடங்கள் ஜாப்பைத் தொடுவதால், மூக்கின் ஆரத்துக்குத் தனியாகத் திருத்தம் சொல்ல வேண்டும். இடுப்பைக் கடக்கும்போது குறுக்கு ஓட்டம் திசை மாறும், ஸ்குரூவில் ஆட்டம் இருந்தால் அங்கே தடம் விழும். கணினி திருத்திச் சமாளிக்கும் இந்தப் பிழைகளுக்கு, முளையைச் சுற்றித் திரும்பும் டூலில் இடமே இல்லை.

கோவை போன்ற ஊர்களில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர் என்று நடக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் ஏராளம். ஒன்றிரண்டு உருண்டைகளுக்காக வெளியே அலையாமல், தேவையான கருவியைத் தாங்களே செய்துகொள்ளும் மரபு அங்கே உயிரோடிருக்கிறது. அந்த மரபு தொழிற்பயிற்சி நிலையங்களுக்குள்ளும் வர வேண்டும் என்பது என் விருப்பம். டர்னர் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பயிற்சிக்காகவே பல ஜாப்களைக் கடைகிறார்கள், அளந்து மதிப்பெண் போட்டபின் அவை மூலையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக, ஒரு குழுவுக்கு ஒரு ரேடியஸ் அட்டாச்மென்ட்டைச் செய்யச் சொல்லலாம். டர்னிங், போரிங், ரீமிங், டேப்பிங், பேரிங் பொருத்துதல் எல்லாம் அதில் வந்துவிடும். செய்து முடித்த கருவி அதே வகுப்பு லேத்தில் ஏறி உருண்டை கடையும், அந்த உருண்டையை அளந்து தங்கள் பிழையை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்துவார்கள். எல்லா இடத்திலும் துல்லியம் தேடி அயர்வதைவிட, எந்த ஒரு இடத்தில் அது தேவை என்று கண்டறிவதே இயந்திரம் செய்பவரின் முதல் அறிவு. அதைப் பாடப்புத்தகத்தைவிட இந்த இரும்புத் துண்டுகள் தெளிவாகக் கற்றுத்தரும்.